மாதிரிக் கணக்கும் முழுத் தொகையும்

திட்டமிடுவோர்க்கு மொத்தத் தொகைகள் கிடைப்பது எளிது. அவற்றின் உட்பிரிவுகள் கிடைப்பது அரிது. ஒரு மாவட்டத்தில் 2,00,000 குடும்பங்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவற்றுள் 1,40,000 கிராமங்களிலும் 60,000 நகரங்களிலும் உள்ளன என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுகிறது. சமையல் எரிவாயு இணைப்புப் பெற்றவை 1,50,000 என்று பதிவேடு கூறுகிறது. இணைப்பு இல்லாத கிராமக் குடும்பங்கள் எத்தனை? இதனை இரு ஏடுகளும் கூறமாட்டா.

200 குடும்பங்களிடம் மாதிரி ஆய்வு நடத்தப்படுகிறது. கிராமக் குடும்பங்களில் 60க்கு இணைப்பு உண்டு, 40க்கு இல்லை. நகரக் குடும்பங்களில் 80க்கு உண்டு, 20க்கு இல்லை. இம்மாதிரியில் நகரத்தின் பங்கு மிகுதி. அதைத் திருத்தக் கிராம எண்களை 1.4ஆலும் நகர எண்களை 0.6ஆலும் பெருக்குகிறோம். கிராமத்தில் 84, 56; நகரத்தில் 48, 12 என வரும். ஆனால் இணைப்புப் பெற்றவை 132 ஆகின்றன, 150 ஆகவேண்டும். எனவே அதற்கேற்ப மீண்டும் பெருக்குகிறோம். உடனே கிராமத் தொகை சற்று மாறுகிறது, அதனையும் திருத்துகிறோம். இவ்வாறு மாறிமாறிச் செய்தால், சில சுற்றுகளில் எண்கள் ஏறத்தாழ 98, 42, 52, 8 என நிலைபெறும். இரு தொகைகளும் பொருந்திவிடும்.

அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சில கேள்விகள் 5 சதவீத மக்களிடம் மட்டுமே கேட்கப்பட்டன. அம்மாதிரியை முழுத் தொகைகளுடன் இசைவிக்க டெமிங், ஸ்டீபன் என்னும் அறிஞர்கள் அதே ஆண்டில் இம்முறையை வெளியிட்டனர். நிபந்தனைகளை நிறைவுசெய்யும் பட்டியல்கள் எண்ணற்றவை. அவற்றுள் மாதிரியிலிருந்து மிகக் குறைவாக விலகுவதைத் தேர்வதே இங்குள்ள கணிதச் சிக்கல். விலகலை லாகரித அளவையால் கணக்கிட்டால், இம்முறை தரும் பட்டியலே மிகக் குறைந்த விலகல் உடையது என்பதை அயர்லாந்து, குல்பேக் ஆகியோர் 1968இல் விளக்கினர்.

எனினும் இம்முறைக்கு எல்லை உண்டு. மாதிரியில் சுழியாக உள்ள கட்டம் எத்தனை முறை பெருக்கினும் சுழியே. மேலும், நிபந்தனை பிழையாயின் விடையும் பிழையே. பதிவேட்டிலுள்ள 18,000 இணைப்புகள் ஒரே குடும்பத்தின் இரண்டாம் இணைப்புகள் எனில், உண்மைத் தொகை 1,32,000 மட்டுமே. அப்போது இணைப்பற்ற கிராமக் குடும்பங்கள் 42,000 அல்ல, 56,000. அதாவது 14,000 குடும்பங்கள் திட்டத்தின் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

நம் நாட்டில் 2011க்குப் பின் 2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு உரிய ஆண்டில் நடைபெறவில்லை. அதனால் அதன் பின்னரும் 2011ஆம் ஆண்டுத் தொகைகளையும் அவற்றின் அடிப்படையிலான முன்மதிப்பீடுகளையும் ஆய்வுகள் சார்ந்திருக்க நேர்ந்தது. ஆகவே பட்டியல் பொருந்திவிட்டது என்று மனநிறைவு கொள்ளுமுன், எந்தத் தொகையுடன் பொருந்தியது, அது எந்த ஆண்டினது என்று வினவுவது அலுவலரின் கடமையாகும்.