வீட்டு முற்றத்தில் மூலிகை

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில், பொற்றையடிக்கு அருகே மருந்துவாழ்மலை உயர்ந்து நிற்கிறது. அநுமன் ஏந்திச் சென்ற சஞ்சீவி மலையினின்று விழுந்த துண்டே அஃது என்பர் நாஞ்சில் நாட்டார். தாணுமாலயன் கோயிலில் அநுமனை வணங்குவோர் இக்கதையை நன்கறிவர். ஆயினும், அன்றாடம் வேண்டும் மூலிகைகளுக்கு மலையேற வேண்டுவதில்லை. மலையிலுள்ள செடிகளை வேரோடு பறிப்பதும் தகாது. முற்றமும் கிணற்றடியும் போதும்.

வீட்டில் வளர்ப்பதன் தலையாய பயன் காசு மிச்சமாவதன்று. செடி இன்னதென ஐயமின்றி அறிவதேயாகும். கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். அதனைப் போன்றே தோன்றும் பிற செடிகளும் வரப்பில் கலந்து முளைக்கின்றன. கீழாநெல்லியின் காய் வழவழப்பாய், சிறு காம்புடன் இலைகளின் கீழே வரிசையாக அமைந்திருக்கும். சிவந்த தண்டுடைய மற்றோர் இனத்திலோ காய் காம்பின்றி ஒட்டி, சொரசொரப்பாயிருக்கும். மேலும், களைக்கொல்லி தெளித்த வரப்பில் பறித்த செடி மருந்தாகாது, நஞ்சாகவும் கூடும்.

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். செம்மண், மணல், மக்கிய சாண எரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்துகொள்க. தொட்டியின் அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடினால் மண் ஒழுகாது நீர் மட்டும் வடியும். நம் மாவட்டம் இரு பருவமழையும் பெறுவதால் ஜூன், அக்டோபர் ஆகிய இரு மாதங்களும் நடவுக்கு ஏற்றவை.

துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். விதையின் மேல் மண்ணை மெல்லத் தூவினால் போதும். கதிர் விடும்பொழுது நுனியைக் கிள்ளிவிட்டால் நன்கு கிளைக்கும். கற்பூரவல்லித் தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும். நீர் மிகுந்தால் அழுகும். வல்லாரை ஈரமும் நிழலும் விரும்பும். அதன் கொடி கணுதோறும் வேரூன்றிப் படரும். அதன் இலையைப் பச்சையாக உண்பதால் சோப்பு நீரும் சாக்கடை நீரும் அணுகாமல் காத்தல் வேண்டும். ஆடாதோடையை ஆடுமாடு மேயாது. ஆகவே வேலியோரத்திற்கு ஏற்றது. ஒரு சாண் நீளத் தண்டில் இரு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நடுக. இதன் இலை இருமலுக்குப் பெயர் பெற்றதாயினும், கருவுற்ற பெண்கள் உட்கொள்ளலாகாது.

மூலிகையின் எல்லையையும் அறிதல் வேண்டும். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியை அகற்ற உதவுவதாக 'லான்செட்' இதழில் எழுதினர். பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. மஞ்சள் காமாலை தனியொரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. பித்தப்பைக் கல்லாலும் அது தோன்றும். ஆதலின், கண் மஞ்சளித்தால் முதலில் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. கீழாநெல்லியை நம்பி நாள் கடத்துவோர் உயிரையே இழக்க நேரிடலாம்.

முற்றமில்லாத நெசவாளர் வீட்டிலும், அரை நாள் வெயில் படும் வாயிற்படியில் இரண்டு தொட்டிகள் வைக்கலாம். சங்கக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் வீட்டில் தழைத்த செடியின் தண்டொன்றைப் பெயர் எழுதிய சீட்டுடன் கொணர்ந்து மாற்றிக்கொள்வாராயின், ஓராண்டிற்குள் எல்லா வீட்டிலும் பெயரறிந்த செடிகள் நிற்கும். கூட்டுறவுக்கு இதனினும் எளிய பாடம் வேறில்லை.