உங்களுக்குத் தெரியுமா? காதில்லாத கிண்ணமும் ஒரு வாய் தேநீரும்

மட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியில் கலக்கிய தேநீரை அருந்தும் கிண்ணத்தை ஜப்பானில் ‘சவான்’ என்பார்கள். அதில் ‘சா’ என்பது தேநீர். நம் பக்கத்துச் ‘சாயா’வும் சீனத்திலிருந்து கிளம்பிய அதே சொல்தான். இன்று அங்கே சோற்றுக் கிண்ணத்துக்கும் சவான் என்றே பெயர்.

ராகு வகைக் கிண்ணங்களுக்குக் குயவர் சக்கரமே வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கு ஏற்ப சோஜிரோ என்பவர் இவற்றைச் செய்யத் தொடங்கினார். களிமண்ணை அடைபோலத் தட்டி, ஓரத்தை உள்ளங்கைகளால் மெல்ல மெல்ல எழுப்பி, கத்தியால் வழித்துச் சீராக்குவார்கள். கறுப்பு ராகுவைத் தணலாய்ச் சிவந்திருக்கும்போதே இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். இடுக்கி கவ்விய தழும்பு கிண்ணத்தின் விலாவில் அப்படியே தங்கிவிடும். அதை யாரும் மறைப்பதில்லை. எனக்கு அந்தக் கிண்ணத்தில் முதலில் கண் போவதே அங்கேதான். நுண்துளை நிறைந்த மண் என்பதால் சூடு மெதுவாகத்தான் வெளியே வரும். கைப்பிடி இல்லாமலே இரு கைகளிலும் ஏந்த முடிகிறது. சோஜிரோவின் மரபில் இப்போது 16-வது தலைமுறை கிண்ணம் வனைகிறது.

ஜப்பான் தேசியப் பொக்கிஷமாக அறிவித்த தேநீர்க் கிண்ணங்கள் 8. அவற்றில் ஜப்பானில் செய்தவை இரண்டே! ஐந்து சீனாவிலிருந்து வந்தவை, ஒன்று கொரியாவிலிருந்து.

அந்தக் கொரியக் கிண்ணத்தின் பெயர் கிசாயெமோன் இடோ. 1931-இல் அதைக் கையில் எடுத்துப் பார்த்த கைவினைக் கலை அறிஞர் யானகி சோயேட்சு, ஏழைகள் அன்றாடம் புழங்கிய சாதாரணக் கிண்ணம் இது என்று எழுதினார். அடிவளையத்தைச் சுற்றி மெருகுப் பூச்சு சுருங்கி, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். சூளையில் நேர்ந்த பிசகு அது. தேநீர்ப் பிரியர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்து ஆசையாகப் பார்ப்பதும் அதையே.

கோடைக்கு, சீக்கிரம் ஆறும்படி அகன்ற கிண்ணம். குளிருக்கு, சூட்டைக் காக்கும் குழல் போன்ற கிண்ணம்.

ஹாகி நகரக் கிண்ணம் வாங்கிய நாளில் இருந்ததுபோல் இருக்காது. பூச்சிலுள்ள மெல்லிய கீறல்கள் வழியே தேநீர் ஊறி ஊறி, ஆண்டுக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே வரும். ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்று இதற்குப் பெயரே உண்டு.

தேநீருக்குச் சடங்கு கட்டாயமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பைசாவோ என்ற முதிய துறவி மடத்தை விட்டு வந்து, கியோட்டோவின் சாலையோரங்களில் தேநீர் விற்றார். விலை? கொடுப்பவர் விருப்பம்.

உங்கள் அடுக்களையிலும் மட்சா கலக்க முடியும். கிண்ணத்தை வெந்நீரால் சூடேற்றித் துடைத்துவிடுங்கள். பிறகு 2 கிராம் மட்சா பொடி, கொதி அடங்கிய வெந்நீர் 70 மில்லி, மூங்கில் கடைகோல். வட்டமாகச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக விரைந்து அடித்தால் நுரை பொங்கும். குடித்தபின் சோப்பு போடாதீர்கள். வெந்நீரில் அலசி, உள்ளீரம் போக நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் ஹாகி, ராகு கிண்ணங்களில் பூஞ்சை பிடித்துவிடும்.