புழுவின் வயிற்றில் ஓர் எரிபொருள் ஆலை

எருக்குழியைப் புரட்டும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் அவை. ஒன்றை எடுத்துப் பாருங்கள். உடலின் பின்பகுதி மட்டும் தடித்து, தோலின் வழியே கருநீலமாகத் தெரியும். அதுதான் அதன் பின்குடல். மட்கிய ஓலை, மரத்தூள், சாணத்திலுள்ள நார் எல்லாம் அங்கே தங்கி மெல்ல மெல்லக் கரைகின்றன. கரைக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது அந்தக் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்.

இந்தப் பாக்டீரியாக்களைக் கொண்டு வைக்கோல், சோகை, பருத்திமார் போன்றவற்றிலிருந்து வாகன எரிபொருள் எடுக்க முடியுமா என்று உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அறுவடை சமயத்தில் டெல்டா கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் வயதான விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, வைக்கோலிலிருந்து பெட்ரோல் எடுக்கிறார்களாமே! கட்டு கட்டும் மிஷின்காரர் வயலுக்கே வந்து கேட்கிறார். கொடுக்கலாமா, கூடாதா?" என்றார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. புழுவின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் விடை தானாகக் கிடைக்கும்.

நாரில் அடைபட்ட சர்க்கரை

வைக்கோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பது செல்லுலோஸ். சர்க்கரைத் துகள்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டதுதான் செல்லுலோஸ். அதைச் சுற்றி லிக்னின் என்ற பொருள் செங்கற்களுக்கு இடையே பூசிய சாந்துபோல் இறுகிப் பிடித்திருக்கிறது. பதநீரையும் கரும்புச் சாற்றையும் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு இந்தச் சாந்தை உடைக்கவோ சங்கிலியை அறுக்கவோ தெரியாது. முதலில் யாராவது அறுத்துச் சர்க்கரையாக்கிக் கொடுத்தால்தான் ஈஸ்ட் அதை எரிசாராயமாக்கும். அறுக்கும் கத்தரிக்கோல்தான் என்சைம் எனப்படும் நொதி.

குடலுக்குள் கூட்டுறவு

மரத்தைத் தின்பதில் கரையானை மிஞ்சிய பூச்சி இல்லை. 1920-களில் அமெரிக்காவில் எல்.ஆர். கிளீவ்லண்ட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். சிலவகைக் கரையான்களின் குடலிலிருந்த ஒற்றைச் செல் உயிர்களை மட்டும் அழித்துவிட்டு, வழக்கம்போல் மரத்தைத் தின்னக் கொடுத்தார். கரையான்கள் தின்றன, ஆனால் பட்டினியால் செத்தன. அந்த வகைகளில் கரையான் வாயால் அரைக்கிறது, ஜீரணிப்பது விருந்தாளிகள் என்பது இதனால் உறுதியானது.

வேறு சிலவகைக் கரையான்களில் இந்த வேலையைப் பாக்டீரியாக்களே செய்கின்றன. கோஸ்டாரிகா நாட்டுக் காட்டில் எடுத்த கரையான்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து, நாரை அறுக்கும் நொதிகளுக்கான நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கண்டதாக 2007-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

நம் ஊர்ப் புற்றுக் கரையான் இன்னும் கெட்டிக்காரப் பூச்சி. மென்ற சருகைப் புற்றுக்குள் அடுக்கி அதன்மேல் பூசணம் வளர்த்து, அந்தப் பூசணத்தின் உதவியால் நாரை இளக்கித் தின்கிறது. மழை பெய்தபின் புற்றில் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்து விளைச்சல்தான்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பயறு வேரிலுள்ள ரைசோபியம்போல, கரையான் குடலிலும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தழைச்சத்து மிகக் குறைந்த கட்டையைத் தின்று அது பிழைப்பது இதனால்தான். அடுத்து, சிலவகைக் கரையான்களிலும் வண்டுப் புழுக்களிலும் குடலின் ஒரு பகுதி கடுமையான காரமாக இருக்கிறது. காரம் பட்டால் நார் இளகும். மாட்டுக்கு வைக்கோலை யூரியா நேர்த்தி செய்கிறோமே, அதில் எழும் அம்மோனியா செய்யும் வேலையும் இதுவே.

ஆலைக்கு வருமா?

அப்படியானால் கரையான் பாக்டீரியாவை ஒரு தொட்டியில் விட்டு வைக்கோலைப் போட்டால் எரிசாராயம் வராதா என்று கேட்பீர்கள். வராது. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வெளியே எடுத்தால் வளர்வதில்லை. பல வகைகள் காற்றுப் பட்டாலே ஒடுங்கிவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று எடுத்துக் கூட்டமாக வேலை செய்பவை அவை. தவிரவும், கரையானுக்கு வேண்டியது சாராயமல்ல. குடலில் உண்டாகும் அசெடிக் அமிலத்தைத்தான் அது உணவாக உறிஞ்சிக்கொள்கிறது.

ஆகவே விஞ்ஞானிகள் பாக்டீரியாவை விட்டுவிட்டு, நொதிக்குரிய மரபணுவை மட்டும் எடுத்து, எளிதில் வளரும் நுண்ணுயிர்களில் சேர்த்துப் பார்க்கிறார்கள். இவ்வேலை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட அளவிலேயே இருக்கிறது.

இன்றைய ஆலைகள் பெரும்பாலும் நம்பியிருப்பது பூசண நொதிகளை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை அரித்த ஒரு பூசணம் இதற்குப் பேர்போனது. விதை நேர்த்திக்கு நீங்கள் உபயோகிக்கும் டிரைக்கோடெர்மா விரிடியின் இனம்தான் அதுவும். ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எரிசாராய ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுப்பது அதன் திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர்.

ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ்

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோவும், சாம்பல் சத்து 14 முதல் 20 கிலோவும் இருக்கின்றன. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், சாம்பல் சத்து மட்டும் 28 முதல் 40 கிலோ. கடையில் வாங்கும் மூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதம். ஆகவே ஒரு ஏக்கர் வைக்கோல் முழுவதும் வண்டியேறினால், 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றோ அதற்குச் சற்று மேலோ கூடவே போகிறது.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எரிசாராயமானாலும் எரிவாயுவானாலும், அதற்குள் போவது பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்த பங்கு. மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்து எரிபொருளில் போவதில்லை; கழிவில் தங்கிவிடுகிறது. புழு தான் தின்றதன் சக்கையைத் தின்ற இடத்திலேயே விட்டுப் போகிறது. ஆலையின் கழிவோ உங்கள் வயலுக்குத் திரும்பி வருவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று செய்யக்கூடியவை

1. வைக்கோலையும் தாளையும் எரிக்காதீர்கள். எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும்.

2. விற்பதானால் எல்லாவற்றையும் விற்காதீர்கள். அடித்தாளை வயலில் விட்டு மடக்கி உழுங்கள். விலை பேசும்போது ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ் விலையை மனத்தில் வைத்துப் பேசுங்கள். கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தொழு உரமாகவோ பசுந்தாள் விதையாகவோ அதே வயலுக்குத் திருப்புங்கள்.

3. புழுவின் குடலைப் போன்ற ஆலை உங்கள் தொழுவத்திலேயே இருக்கிறது. பசுவின் முதல் வயிற்றில் நாரைக் கரைப்பவையும் நுண்ணுயிர்களே. 4, 5 மாடுகள் இருந்தால், நாளொன்றுக்கு 50 கிலோ சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துவிட்டு, 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனை நடத்தலாம். சிறு குடும்பத்துச் சமையலுக்கு இது போதும். வைக்கோலை அப்படியே கலனில் போடாதீர்கள். மிதந்து ஏடு கட்டி அடைத்துக்கொள்ளும். மாட்டின் வழியாகவே அது கலனுக்குப் போகட்டும். கலனிலிருந்து வரும் கரைசல் நல்ல எரு.

4. மாடு தின்ற வைக்கோலிலுள்ள சாம்பல் சத்தில் பெரும்பங்கு சாணத்தில் அல்ல, மூத்திரத்தில் வெளியேறுகிறது. தொழுவத்தில் மண்ணோ கழிவு வைக்கோலோ பரப்பி, ஊறியதை வாரி எருக்குழியில் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எருக்குழிப் புழுவுக்கு மரியாதை செய்ய வேண்டாம்! தென்னை இருக்கும் ஊரில் அவற்றைப் பொறுக்கி அழிப்பதும், குழியில் மெட்டாரைசியம் பூசணத்தை இடுவதும் அவசியம்.

வைக்கோலைக் கொடுக்கலாமா என்று கேட்ட அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான். மாட்டுக்கும் மண்ணுக்கும் வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள். காற்று கொடுத்ததை விற்கலாம். மண் கொடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும்.