வால் ஆடட்டும், மூக்கு மிதக்கட்டும்

செமினி ஆற்றில் வெள்ளைநீர்க் காயாக் ஓட்ட முடியாது. அணையைத் தாண்டியதும் அந்த ஆறு தோட்டங்களையும் தாமான்களையும் சுற்றிக்கொண்டு, மண் நிறத்தில் மெதுவாகப் போய் லங்காட் ஆற்றில் கலந்துவிடுகிறது. சுங்கை தெக்காலாவில் தண்ணீர் துள்ளி இறங்குகிறதுதான். ஆனால் அது பிள்ளைகுட்டிகளோடு போய்க் குளிக்கிற இடம். படகு போட அங்கே அகலமும் இல்லை, ஆழமும் இல்லை. செமினிக்காரர் ஒருவருக்கு இந்த விளையாட்டில் ஆசை வந்தால், காரின் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கே, கோலகுபு பாருவுக்குத்தான் போகவேண்டும். அங்கே சிலாங்கூர் ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. இன்னும் தூரம் போகத் தயார் என்றால் பேராக்கில், கோப்பெங் பக்கம், கம்பார் ஆறு இருக்கிறது. விமானம் ஏறினால் சபாவின் பாடாஸ்.

கூரையில் ஒரு படகுதான் ஏறும். அதனால் எந்தப் படகு என்ற கேள்வி நம் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் கனமான கேள்வி.

ஆற்றில் காயாக் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. மேலே படகை இறக்கி, பாறைக்குப் பாறை வழி பார்த்து, ஒவ்வொரு சரிவாகக் கடந்து கீழே கரையேறுகிறவர் ஒருவர். மற்றவர் பாதி வழியில் நல்ல அலை ஒன்றைக் கண்டுவிட்டால் அங்கேயே தங்கிவிடுகிறவர். அலையின் முகத்தில் படகை வழுக்கவிடுவார், தட்டைச் சுழற்றுவதுபோலச் சுழற்றுவார், செங்குத்தாக நிறுத்துவார், படகோடு குட்டிக்கரணம் அடிப்பார். முதலாமவர் வைத்திருப்பது ரிவர் ரன்னர், இரண்டாமவருடையது பிளேபோட். இந்த இரண்டாவது விளையாட்டுக்கு உலகப் போட்டியே உண்டு, ஃப்ரீஸ்டைல் என்பார்கள். 2022இல் அது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்தது. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005 முதல் செமினியில் இருக்கிறது. சொந்த ஊரில் உலகப் போட்டி நடக்கிற அளவுக்குச் செயற்கை வெள்ளைநீர் ஓடை. பிள்ளை ஊரில் குளிக்கிற ஓடை!

புத்ராஜெயா ஏரியில் காயாக் ஓட்டியவர்கள் வெள்ளைநீர்ப் படகில் முதன்முறை உட்கார்ந்தால் திகைத்துப்போவார்கள். ஏரிப் படகு மூன்று, நான்கு மீட்டர் நீளம். இரண்டு தடவை துடுப்புப் போட்டால் நேராகப் போகும். இது ஒரு போடு போட்டதுமே பம்பரமாகச் சுற்றிக்கொள்ளும். அது குறை இல்லை. பாறை முன்னால் வரும்போது ஒரு நொடியில் திரும்பவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மேல்தளம் மூடியிருக்கும். உட்காரும் துளையை ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற ரப்பர் துணி இறுக்கி மூடும். இடுப்பும் தொடையும் பாதமும் படகோடு பொருந்தியிருக்கும். கவிழ்ந்தால் வெளியே குதிப்பதில்லை. இடுப்பை வெட்டி, துடுப்பை வீசி, படகோடு உருண்டு எழுவார்கள். இதற்கு ரோல் என்று பெயர். சீல் தோல் படகுகளில் வேட்டைக்குப் போன ஆர்க்டிக் மக்கள் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த வித்தை அது. குளிர்ந்த கடலில் குதித்தால் மரணம் என்பதால் படகை விட்டு இறங்காமலே நிமிரக் கற்றார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். படகு வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் நீளத்தையும் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது லிட்டர். படகின் உள்ளே அடைபட்டிருக்கும் மொத்த இடத்தின் அளவைத் தயாரிப்பாளர்கள் லிட்டரிலோ கேலனிலோ கொடுப்பார்கள். ஒரு அமெரிக்க கேலன் 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீருக்குள் அமுங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ மேலே தள்ளும் என்பது ஆர்க்கிமிடிஸ் காலத்துப் பாடம். 75 கிலோ ஆள், ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் மற்றதும் 7 கிலோ, படகு 18 கிலோ என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. அமைதியான நீரில் படகின் 100 லிட்டர் கீழே அமுங்கியிருக்கும். 300 லிட்டர் ரிவர் ரன்னர் என்றால் இன்னும் 200 லிட்டர் கையிருப்பில் இருக்கிறது. சரிவிலிருந்து விழுந்து நுரைக்குள் புதைந்தாலும் அந்தக் கையிருப்பு படகைச் சட்டென்று மேலே தூக்கிவிடும். அதே ஆள் 200 லிட்டர் பிளேபோட்டில் உட்கார்ந்தால் கையிருப்பு 100 லிட்டர்தான். அலை மேலே ஏறி மூடும். தலை நீருக்கு மேலே, படகு நீருக்குக் கீழே என்று போவார்.

பிளேபோட்காரருக்கு அதுதான் வேண்டும். மூக்கும் வாலும் தட்டையாக, மெலிசாக இருந்தால்தான் அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்க முடியும். லிட்டர் எல்லாம் நடுவில், முழங்காலைச் சுற்றிக் குவிந்திருக்கும். மூக்கை அமுக்கி விட்டதும் நடுப்பகுதி பந்துபோல் எகிறி ஆளைக் காற்றில் தூக்கும். குட்டிக்கரணத்தின் ரகசியம் இவ்வளவே. நீளம் 175 முதல் 190 சென்டிமீட்டர். உங்களைவிடக் கொஞ்சம் உயரமானவர் படுத்தால் படகு போதாது. குட்டையான படகு சுற்றும், ஆனால் ஓடாது. நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டி மறுகரைக்குப் போக நினைத்தால் ஆறு உங்களைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ரிவர் ரன்னர் 245 முதல் 275 சென்டிமீட்டர். அதற்கு வேகம் இருக்கிறது, மன்னிக்கும் குணமும் இருக்கிறது.

அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். தட்டையான அடி அலைமேல் வழுக்கும், சுழலும். உருண்டையான அடி குறுக்கு அலைகளை உரசாமல் நழுவிப் போகும். அடியும் பக்கமும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருந்தால் படகு வளைவுகளில் கத்திபோல வெட்டித் திரும்பும். கவனம் தப்பினால் அதே விளிம்பில் நீரோட்டம் ஏறி, என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கவிழ்த்துவிடும். புதியவர்கள் பிளேபோட்டில் அடிக்கடி முழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக, இரண்டுக்கும் ஒரே படகு கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்பதை நம் ஆறுதான் சொல்லவேண்டும். பெரும்பாலானோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கனடாவின் ஒட்டாவா ஆற்றிலும் உகாண்டாவின் நைல் ஆற்றிலும் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டுப் படகு தேடுகிறார்கள். அந்த ஆறுகளில் அலைக்குக் கீழே பல மீட்டர் ஆழம் இருக்கிறது. மூக்கை நேரே கீழே குத்தினாலும் முட்ட எதுவும் இல்லை. சிலாங்கூர் ஆறு வேறு. அது ஒடுக்கமானது, பாறை நிறைந்தது; வெயில் காலத்தில் சில இடங்களில் படகின் அடி கல்லை உரசிக்கொண்டே போகும். அங்கே ஓர் ஆள் பிளேபோட்டின் மூக்கைக் குத்தினால் முதலில் பாறையில் மோதுவது படகு, அடுத்தது பாதம். குட்டையான படகில் பாதம் மூக்கின் நுனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. கணுக்கால் உடைவதற்கு அதிக வேகம் தேவையில்லை.

வாலால் விளையாடினால் கதை மாறும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி எதிர்த்திசையில் சுற்றும் இடத்தைக் காயாக்காரர்கள் எட்டி என்கிறார்கள். அந்தத் தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். படகு அந்தக் கோட்டைத் தாண்டித் திரும்பும் நேரத்தில், கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வாலின் ஒரு விளிம்பை அமுக்கிக் கொடுக்கவேண்டும். ஓடும் நீர் தட்டையான வாலின்மேல் ஏறி மிதித்துவிடும். வால் புதையும், மூக்கு வானத்தைப் பார்த்து எழும். உங்கள் பலம் அதில் கால்வாசிதான், மீதி ஆற்றின் பலம். தலை மேலே இருக்கிறது, பாதம் மேலே இருக்கிறது. வால் கல்லில் இடித்தால் பிளாஸ்டிக்தான் தேயும். பெரிய அலை தேவையில்லை. இருபது மீட்டருக்கு ஒரு பாறை இருந்தால் இருபது மீட்டருக்கு ஒரு விளையாட்டு.

இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஹாஃப் ஸ்லைஸ் என்ற வகை. முன்பாதி ரிவர் ரன்னர் போலப் பருத்து உயர்ந்திருக்கும். பின்பாதி மட்டும் மெலிந்து தட்டையாகப் போகும். நீளம் பெரும்பாலும் 240 முதல் 275 சென்டிமீட்டர். 75 கிலோ ஆளுக்கான அளவில் 235 முதல் 260 லிட்டர் வரை வரும். மூக்கு நுரையைக் கிழித்து மேலே வரும், வால் சொன்னபடி புதையும். 2010களின் பிற்பகுதியில் இந்த வகை பரவலானது. டாகர் நிறுவனத்தின் ரீவைண்ட், பிரான்யாவின் ரிப்பர், ஜாக்சனின் ஆன்டிக்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1990களில் டாகர் வெளியிட்ட ஆர்பிஎம் என்ற படகு இதே வேலையைத்தான் செய்தது. பிறகு பிளேபோட்டுகள் குட்டையாகிக்கொண்டே போக, ஆற்றுப் படகுகள் பருத்துக்கொண்டே போக, நடுவில் இருந்த இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது மறுபடி ஆள் வந்திருக்கிறது.

ஆறு மாறினால் என் தீர்ப்பும் மாறும். ரிஷிகேஷில் கங்கை அகலமாக, ஆழமாக, பெரிய அலைகளோடு ஓடுகிறது. அங்கே குடியிருப்பவர் பிளேபோட் வாங்கலாம், வருத்தப்படமாட்டார். கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் சாலிப்புழாவிலும் இருவஞ்ஞிப்புழாவிலும் 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து மழைக்காலத்தில் செங்குத்தாகப் பாய்ந்து வரும் ஓடைகள் அவை. அங்கே மெலிந்த வால் ஆபத்து; விழுகிற இடத்தில் வால் மாட்டினால் படகு பின்னால் சாய்ந்து கவிழும். பருத்த படகுதான் அங்கே சரி. கோலகுபு பாருவும் கோப்பெங்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அதனால்தான் நடுவான படகைச் சொல்கிறேன்.

அளவு தேர்வு செய்யும்போது தயாரிப்பாளர் தரும் எடை வரம்பைப் பாருங்கள். உங்கள் எடை அதன் நடுவில் விழவேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டால், ஆற்றில் பழகாதவர் பெரியதை எடுக்கட்டும். ரோல் கைவந்தவர் சிறியதை எடுக்கலாம், வால் சுலபமாக அமுங்கும். காகிதத்தில் பார்ப்பது போதாது. ஆற்றில் போடும் அதே காலணியோடு படகில் உட்கார்ந்து பாருங்கள். கடையில் வெறுங்காலோடு சொகுசாக இருந்த படகு, காலணியோடு பத்து நிமிடத்தில் பாதத்தை மரத்துப்போக வைக்கும். இடுப்பை அசைத்தால் படகும் கூடவே அசையவேண்டும். இடைவெளி இருந்தால் பஞ்சுத் துண்டு ஒட்டிச் சரிசெய்யலாம். இறுக்கத்துக்கு மருந்து கிடையாது.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பவை மீன்பிடிக்கவும் கடலுக்கும் ஆன காயாக்குகள். வெள்ளைநீர்ப் படகு அநேகமாகக் கைமாறித்தான் வரும். பழைய படகு வாங்கும்போது இருக்கைக்கு நேர் கீழே அடியைத் தடவிப் பாருங்கள். அதிகம் தேய்வது அந்த இடம்தான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். இந்தப் படகுகள் பாலிஎதிலீனால் ஆனவை. அதில் பசை ஒட்டாது. ஒரு வகைப் பாலிஎதிலீனை உருக்கி ஒட்டலாம், கிராஸ்லிங்க் வகையை அதுவும் முடியாது. விரிசல் விழுந்தால் அத்தோடு முடிந்தது. பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். ஆனால் அதே வெயில்தான் எதிரியும். கூரையில் பட்டையை முறுக்கிக் கட்டி நண்பகலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது படகின் அடி சப்பையாகியிருக்கும். படகைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுங்கள். வீட்டில் நிழலில் வையுங்கள்.

எந்தப் படகு வாங்கினாலும் ஆறு ஒன்றுதான். கோலகுபுவின் பழைய ஊரை 1883இல் உடைந்த அணையின் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். இன்று மேலே நிற்பது வேறு அணை. எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்பதை அது தீர்மானிக்கிறது. போவதற்கு முன் அங்குள்ள ராஃப்டிங்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அணை இல்லாத மலை ஆறுகளில் கெப்பாலா ஆயர் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும், சில நிமிடங்களில் ஆறு கலங்கிப் பெருகிவிடும். தண்ணீரின் நிறம் மாறி இலைகுப்பைகள் மிதந்து வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கரையேறுங்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் படகில் போடாதீர்கள். பழைய ஹாஃப் ஸ்லைஸ் ஒன்றை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட், மிதவைச் சட்டை, எறிகயிறு வாங்குங்கள். நீச்சல் குளத்தில் ரோல் பழகிய பிறகு, தெரிந்தவர்கள் இரண்டு பேரோடு ஆற்றில் இறங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.