பல் வலிக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

ராத்திரி முழுக்க கடைவாய்ப் பல் வலி. விடிந்ததும் பீரோவைத் திறந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு பல் கிளினிக்குக்குப் போகிறீர்கள். வேலை நடக்குமா?

நடக்காது. என் பெரியம்மா போய்ப் பார்த்துவிட்டார். 'இந்த கார்டு இங்க செல்லாதும்மா' என்று அனுப்பிவிட்டார்கள். வேர் சிகிச்சைக்கு அவர்கள் சொன்ன தொகை பெரியம்மாவின் ஒரு மாதக் கூலிக்கு மேல். வீட்டுக்கு வந்து கிராம்பு வைத்துக் கடித்தார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். மூன்று வாரத்தில் வலி நின்றது. 'சரியாப் போச்சு' என்று எங்களிடம் போனில் சொன்னார். அடுத்த மாதம் கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும், ஆனால் கிருமி நிற்காது, வேர் வழியாகத் தாடைக்கு இறங்கும் என்று அங்கே டாக்டர் விளக்கிய பிறகுதான் எங்களுக்கே புரிந்தது.

பெரியம்மா வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வலி வந்த அன்றைக்கே போயிருந்தால் அட்டையும் தேவைப்பட்டிருக்காது, காசும் தேவைப்பட்டிருக்காது. அவருக்கு அது தெரியாது. திட்டங்களைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருக்கிற நானும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அட்டை வேறு, ஓ.பி. சீட்டு வேறு

இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம். காப்பீட்டு அட்டை என்பது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டும் பயன்படுவது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் அறுவை சிகிச்சைகள், பெரிய சிகிச்சைகள்தான் அதில் வரும். சொத்தைப் பல்லை அடைப்பது, பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது எல்லாம் வந்தோம், போனோம் என்று முடிகிற புறநோயாளி வேலை. அட்டை அதற்கானது அல்ல.

தனியார் காப்பீடு இல்லையே என்றும் ஏங்க வேண்டாம். காசு கட்டி எடுக்கிற மருத்துவ பாலிசிகளிலும், விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிர, சாதாரணப் பல் சிகிச்சைக்கு பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். பாலிசி புத்தகத்தின் விலக்கு பக்கத்தைப் படித்துப் பாருங்க, தெரியும்.

அப்போ சாதாரணப் பல் வலிக்கு யார் செலவு செய்வது? அரசு மருத்துவமனை நேரடியாகச் செய்கிறது. இடையில் காப்பீடு கிடையாது. ஓ.பி. கவுன்டரில் சீட்டு வாங்கி, பல் பிரிவுக்குப் போனால் போதும். வருமானச் சான்று வேண்டாம், அட்டை வேண்டாம். உங்களிடம் கார் இருக்கிறதா, சொந்த வீடு இருக்கிறதா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

எங்கே போவது?

தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் பல் பிரிவைக் கேளுங்கள். சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் உண்டு. உங்கள் ஊரில் எது பக்கம் என்று தெரியாவிட்டால் 104 எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். ஓ.பி. பெரும்பாலும் காலை வேளையில்தான். பதினொன்றரை மணிக்குக் கிளம்பிப் போய்விட்டு 'யாருமே இல்லை' என்று கோபப்பட்டு வராதீங்க.

சிக்கலான வேலை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. சிதம்பரத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரி என்றதும் 'மாணவர்கள் நம்ம பல்லில் பழகிப் பார்ப்பாங்களோ' என்ற பயம் பலருக்கு உண்டு. மாணவர்கள் சிகிச்சை செய்வது உண்மைதான். பக்கத்தில் பேராசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அதனால் நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வேர் சிகிச்சை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். முதல் முறையிலேயே வலி போய்விடும். உடனே 'போதும், ஒரு நாள் கூலி போகுது' என்று பலர் நின்றுவிடுகிறார்கள். தற்காலிகமாக வைத்த அடைப்பு கொஞ்ச நாளில் விழும், கிருமி மறுபடி உள்ளே போகும், கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டி வரும். ஆகவே முதல் நாளே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை முறை வரணும்? மேலே கேப் போடணுமா? அதற்குக் கட்டணம் உண்டா? பல்செட் தேவைப்படுகிற பெரியவர்களை அழைத்துப் போகும்போதும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள். அளவெடுக்க, பொருத்த, சரிசெய்ய என்று பல முறை போக வேண்டியிருக்கும்.

அட்டை எப்போது கைகொடுக்கும்?

பைக்கிலிருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்தால், தாடையில் கட்டி வளர்ந்தால், வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தால். இப்படிப்பட்ட பெரிய சிகிச்சைகளுக்கு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து, முன் அனுமதி வாங்குவார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சேரும்போதே அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

புகையிலை, ஹான்ஸ், வெற்றிலை பாக்கு பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாய் திறப்பு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் வலி இல்லை என்று விடக்கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இதைப் பார்ப்பதும் அதே பல் பிரிவுதான், அதே ஓ.பி. சீட்டுதான்.

அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்ற சந்தேகத்தைப் போனிலேயே தீர்த்துக்கொள்ளலாம். 1800 425 3993 என்பது திட்டத்தின் கட்டணமில்லா எண். பட்டியல் மருத்துவமனைகளையும் அங்கேயே கேட்கலாம். அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் தேடுவதைவிட, இந்த வாரமே ஒரு நாள் முடித்துவிடுவது நல்லது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவு உங்களுக்கும், உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் சேர்த்துத்தான். பிடித்தம் மட்டும் மாதாமாதம் போகிறது, பல் பிரிவு இருப்பதே தெரியாது என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

குழந்தைகளுக்கு வழி இன்னும் சுலபம். தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். பிளவுபட்ட உதடு, அண்ணம் உள்ள குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையும் இந்தத் திட்டத்தில் இலவசம். பள்ளியிலிருந்து பரிந்துரைச் சீட்டு வந்தால் 'பால் பல்தானே, விழுந்துடும்' என்று புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீங்க. பால் பல் சொத்தையாகி முன்கூட்டியே விழுந்தால், கீழே இருந்து வரும் நிலைப்பல் இடம் தவறி முளைக்கும்.

பெரியம்மாவுக்கு அந்தக் கடைவாய்ப் பல் போய்விட்டது. அதற்குப் பக்கத்துப் பல்லிலும் சொத்தை ஆரம்பித்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நானே கூட்டிப்போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, அடைத்துவிட்டு வெளியே வரும்போது மணி பத்தரை. 'காசு எங்கடா கட்டணும்?' என்று கவுன்டரைத் தேடிக்கொண்டே நடந்தார்.