புது காரில் பெயிண்ட் கோளாறா? 'பாலிஷ் போட்டா போயிடும் சார்'னு சொன்னா நம்பலாமா? முழு விவரம்

டயருக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம், பானெட்டில் மாலை, குடும்பத்தோடு ஒரு போட்டோ. புது காரை வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. மறுநாள் காலை வெயிலில் துடைக்கும்போதுதான் கண்ணில் படுகிறது, டிக்கி கதவில் சின்னச் சின்னக் குமிழிகள். ஷோரூமுக்கு போன் போட்டால், "பாலிஷ் போட்டா போயிடும் சார், கொண்டு வாங்க" என்கிறார்கள்.

உடனே வண்டியை எடுத்துட்டு கிளம்பிடாதீங்க. அந்தக் குமிழி என்ன, அதை யார் சரிசெய்யணும், எப்படிச் சரிசெய்யணும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பின்னாடி நஷ்டம் வராது.

காருக்கு எத்தனை அடுக்கு பெயிண்ட்?

பார்க்க ஒரே பூச்சு மாதிரி தெரிந்தாலும், பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. இதற்காக காரின் பாடியையே ஒரு பெரிய தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் செலுத்தி பூசுவார்கள். அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகப் பளபளப்பு தரும் கிளியர் கோட்.

இவ்வளவையும் சேர்த்தாலும் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதனால் சின்ன தூசியோ, எண்ணெய்ப் பிசுக்கோ இடையில் புகுந்தால் கூட வெளியே தெரிந்துவிடும்.

எதெல்லாம் தயாரிப்புக் கோளாறு?

* தூசிப் புள்ளி: பெயிண்டுக்குள் தூசி மாட்டி, கையால் தடவினால் மணல் மாதிரி நெருடும்.
* வழிசல்: ஒரே இடத்தில் அதிகமாக அடித்ததால் பெயிண்ட் வழிந்து உறைந்த கோடு.
* மீன்கண்: எண்ணெய் அல்லது சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி உண்டாகும் வட்டக் குழி.
* ஊசிமுனைக் குமிழி: உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி வெளியேறும்போது ஏற்படுவது.
* உரிதல்: கிளியர் கோட் தோல் உரிவது போலக் கழன்று வருவது. இதுதான் இருப்பதிலேயே பெரிய தலைவலி.

ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற லேசான மேடுபள்ளம் எல்லா ஃபேக்டரி பெயிண்டிலும் கொஞ்சம் இருக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பக்கத்து இரும்புப் பாகத்தோடு ஒப்பிட்டால் நிறம் துளி மாறித் தெரியலாம். இந்த இரண்டையும் நிறுவனங்கள் அவ்வளவு எளிதில் கோளாறாக ஏற்பதில்லை.

வாரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

பொதுவாகப் பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் வாரண்டி. கல் தெறித்து விழுந்த புள்ளி, பறவை எச்சம், மரப்பிசின், தொழிற்சாலைப் புகை, உப்புக்காற்று, வெளிக்கடையில் செய்த பெயிண்ட் வேலை ஆகியவற்றால் வரும் பாதிப்பு பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். துருவுக்குத் தனி நிபந்தனைகளும் இருக்கலாம். டேஷ்போர்டில் கிடக்கும் வாரண்டி புத்தகத்தில் 'இவை பொருந்தாது' என்ற பக்கத்தை முதலில் படிச்சிடுங்க.

இங்கேதான் சண்டை வரும். நீங்கள் 'குமிழி' என்பீர்கள், அவர்கள் 'பறவை எச்சம்' என்பார்கள். அதனால் பார்த்த அன்றே தேதியுடன் போட்டோ, வீடியோ எடுத்து மெயில் அனுப்பிவிடுங்கள். ரெண்டு மாசம் கழிச்சு சொன்னா, வெயில், மழை எல்லாம் காரணமாகிவிடும்.

ஃபேக்டரி குறையா, ஷோரூம் 'டச்சப்'பா?

இது முக்கியமான கேள்வி. லாரியில் வரும்போதோ, யார்டில் நிற்கும்போதோ கீறல் விழுந்து, அதை டீலர் தரப்பில் சத்தமில்லாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

கண்டுபிடிக்க பெயிண்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவி உதவும். மற்ற பாகமெல்லாம் 110, 120 மைக்ரான் காட்டும்போது ஒரு கதவு மட்டும் 200-க்கு மேல் காட்டினால், மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பட்டி பார்த்திருந்தால் அளவு அதற்கும் மேலே எகிறும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. கருவி இல்லையென்றால் ரப்பர் பீடிங், கதவு இடுக்கு, போல்ட் தலைகளில் பெயிண்ட் துகள் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வித்தியாசம் சட்டத்திலும் எதிரொலிக்கும். 2011 மாடல் காருக்குப் பணம் கட்டிய கோவா வாடிக்கையாளருக்கு, 2009-ல் தயாராகி 622 கி.மீ. ஓடிய கார் தரப்பட்ட வழக்கில், 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டீலரின் தவறு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல், நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்பதே அதன் சாரம். எனவே புகார் எழுதும்போது டீலர், நிறுவனம் இருவருக்குமே அனுப்புவதுதான் பாதுகாப்பு.

டெலிவரிக்கு முன்னாடியே கவனிச்சா?

அதுதான் பெஸ்ட். உங்கள் பெயரில் பதிவு ஆவதற்கு முன் 'இந்த வண்டி வேண்டாம், வேற வண்டி கொடுங்க' என்று கேட்பது எளிது. பதிவான பிறகு அந்த பலம் பாதியாகக் குறைந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியை, நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பாருங்கள். இரவில், மழையில், ஷோரூம் விளக்கின் கீழ் பார்ப்பது வீண். தயாரித்த மாதத்தையும் சரிபாருங்கள். பல மாதம் வெட்டவெளியில் நின்ற வண்டியென்றால் கூரை, பானெட்டில் எச்சக் கறை இருக்கலாம். செக் பண்ணி முடிக்கும் வரை செராமிக் கோட்டிங், பாதுகாப்பு ஃபிலிம் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

பாலிஷ் போதுமா, ரீபெயிண்ட் வேணுமா?

தூசிப் புள்ளி, லேசான வழிசல் கிளியர் கோட்டின் மேல்பரப்பில் இருந்தால் நயமாகத் தேய்த்து பாலிஷ் போட்டே சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும். குமிழி, மீன்கண், உரிதல் எல்லாம் பாலிஷில் போகாது.

ரீபெயிண்ட் என்றால் ஒரு உண்மையைத் தெரிஞ்சுக்கணும். ஃபேக்டரியில் வெறும் இரும்புக் கூட்டை சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைப்பார்கள். சர்வீஸ் சென்டரில் வயர், சீட், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கும் வண்டியை 60 முதல் 80 டிகிரிக்கு மேல் சூடேற்ற முடியாது. 'புது கதவே மாட்டித் தர்றோம்' என்றாலும், அந்தக் கதவுக்கு நிறம் அடிப்பது அதே சர்வீஸ் சென்டர் பூத்தில்தான்.

அதுக்காக ரீபெயிண்ட் மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல பூத்தில் ஒழுங்காக அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். சிக்கல் விற்கும்போதுதான். வாங்க வருபவர் கருவியை வைத்துப் பார்த்து, 'இது ஆக்சிடென்ட் வண்டி' என்று விலையை அடிப்பார். அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

1. 'தயாரிப்புக் குறை, வாரண்டியில் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிய ஜாப் கார்டு.
2. வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த போட்டோக்கள்.
3. அந்த பெயிண்ட் வேலைக்கு எவ்வளவு காலம் வாரண்டி என்ற எழுத்துப்பூர்வ உறுதி.

'இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்' என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் விபத்துக்குத்தான், தயாரிப்புக் குறைக்கு அல்ல. க்ளைம் செய்தால், முதல் வருட முடிவில் சொந்தச் சேத பிரீமியத்தில் கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ க்ளைம் போனஸும் போய்விடும்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். அதில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையம் போதும். கட்டணம், 5 முதல் 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400, 50 லட்சம் வரை ரூ.1,000. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

குறையைச் சரிசெய்யவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் ஒரு கதவில் குமிழி வந்ததற்கு முழு காரையே மாற்றித் தரச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கே தவிர காரையே மாற்றுவதற்கல்ல என்று 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பல பாகங்களில் குறை, திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது பழுதை மறைத்து விற்றார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் வாதம் வலுவாகும். அதற்கு ஒரு நிபுணரின் அறிக்கையும் கையில் இருப்பது நல்லது.

சரி, அந்தக் குமிழி காருக்கு வருவோம். நாளைக்கு ஷோரூம் போனதும் பாலிஷ் மெஷினை எடுக்க விடாதீர்கள். முதலில் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். அதில் 'டிக்கி கதவில் பெயிண்ட் குமிழி' என்று எழுதியிருக்கிறதா எனப் படித்துப் பார்த்து, காப்பி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.