கம்ப்யூட்டரில் முளைத்த மரம்!

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். கேமரா பறவை போல் கட்டடத்தைச் சுற்றி வரும். வாசலில் பச்சைப் பசேலென்று மரங்கள் தலையாட்டும். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், வெறும் பொட்டலாக இருக்கும். அஸ்திவாரம்கூட தோண்டியிருக்க மாட்டார்கள்! அப்படியானால் அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன? கம்ப்யூட்டரில் முளைத்தவைதான்!

கம்ப்யூட்டரில் கட்டடம் வரைவது எளிது. சுவர், ஜன்னல் எல்லாமே நேர்கோடுகள். மரம் அப்படியா? ஒரு வேப்ப மரத்தில் எத்தனை ஆயிரம் இலைகள்! ஒவ்வொன்றாக வரைந்தால் எப்போது முடிப்பது?

அதனால் முதலில் ஒரு தந்திரம் செய்தார்கள். மரத்தின் போட்டோவை வெட்டி, அட்டை போல நிற்க வைத்தார்கள். எதிரே நின்று பார்த்தால் அசல் மரம். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு, மரம் காகிதம் போல மெலிந்துவிடும்! இரண்டு அட்டைகளைக் கூட்டல் குறி போல் நிறுத்தியும் பார்த்தார்கள். மேலே இருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, மரத்தை வரையாமல் வளர்த்தால் என்ன? அதற்கு வழி காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த உயிரியல் அறிஞர் அரிஸ்டிட் லிண்டன்மேயர். பாசி போன்ற எளிய உயிர்கள் எப்படி வளர்கின்றன என்பதை, 1968ல் சின்னச் சின்ன விதிகளாக எழுதினார். அதே முறையில் பிறகு கம்ப்யூட்டரில் செடிகளும் மரங்களும் வளர்ந்தன.

நீங்களும் செய்யலாம். ஆங்கில 'ஒய்' எழுத்தை வரையுங்கள். இரண்டு நுனிகள் கிடைக்கும். ஒவ்வொரு நுனியிலும் சின்னதாக இன்னொரு 'ஒய்' போடுங்கள். நுனிகள் நான்காகும். அடுத்த முறை எட்டு. பத்தாவது முறை எத்தனை தெரியுமா? 1,024! விதி ஒன்றுதான், கிளைகளோ ஆயிரம்.

ஆனால் எல்லாக் கிளைகளும் ஒரே அளவாக இருந்தால் துடைப்பம் போலத் தெரியும். எனவே ஒரு கிளையைக் கொஞ்சம் சாய்த்து, இன்னொன்றைக் கொஞ்சம் குட்டையாக்கி, கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளும்படி செய்கிறார்கள். இப்படி நான்கைந்து மரங்களை வளர்த்தால் போதும். அவற்றையே திருப்பி வைத்து, சிறிதும் பெரிதுமாக நட்டால் ஒரு தோப்பே தயார்!

அமெரிக்காவில் ஐ.டி.வி. என்ற நிறுவனம் கோல்ஃப் விளையாட்டுக்காக இப்படிக் கம்ப்யூட்டர் மரங்களை உருவாக்கியது. பாதியிலேயே, பணம் தர இருந்தவர்கள் விலகிவிட்டார்கள். செய்த வேலையை அவர்கள் தூக்கிப் போடவில்லை. அதை மெருகேற்றி, 2002ல் கட்டட அனிமேஷன் செய்பவர்களுக்கான மென்பொருளாக வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஸ்பீடுட்ரீ'. 2009ல் வந்த 'அவதார்' படத்தின் காட்டுக்கும் அது உதவியது. ஆஸ்கர் விருது தரும் அகாதமி, அதை உருவாக்கியவர்களுக்கு 2015ல் தொழில்நுட்ப விருது வழங்கியது.

இவ்வளவு இருந்தும், நிஜ மரத்தை உற்றுப் பார்க்காதவரால் நல்ல மரம் செய்ய முடியாது. வேப்ப மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காற்றடித்தால் அடிமரம் அசையாது, கிளை மெதுவாக ஆடும், இலைகள் படபடக்கும். வெயில் ஊடுருவும் இலை, இளமஞ்சள் கலந்த பச்சையாகப் பளபளக்கும். இதையெல்லாம் கவனித்துச் செய்தால்தான் கம்ப்யூட்டர் மரத்துக்கு உயிர் வரும்.

கம்ப்யூட்டரில் சில நிமிடங்களில் மரம் வளர்ந்துவிடும். ஆனால் அது நிழல் தராது. அதில் காக்கா கூடு கட்டாது. நிஜக் கன்று நிழல் தர பல வருடங்கள் ஆகும். எனவே அடுத்த முறை அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், அப்பா அம்மாவிடம் கேளுங்கள்: "இந்த மரத்தை நிஜமாகவே நடுவார்களா?"

நல்ல கேள்விதானே, குட்டீஸ்?